பங்கார்காரன் வாங்காததைச் செய்யுங்கள்

மாட்டுங்காவில் ஐசிடி என்னும் வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலும் பவாய் ஐஐடியிலும், நவி மும்பைப் பக்கத்து வாடகைக் கொட்டகைகளிலும் செடிகொடியிலிருந்து பிளாஸ்டிக் செய்துகொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

வணக்கம். தாராவி தேரா கம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை வாங்கி, தரம் பிரித்து, கழுவி, அரைத்து, உருக்கி, 'தானா' என்னும் பிளாஸ்டிக் மணிகளாக்கி விற்பது என் தொழில். ஊரில் காயலான் கடை என்பதை இங்கே பங்கார் என்போம். அப்பா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். தோல் தொட்டிகள் தாராவியை விட்டுக் கிளம்பியபோது பிளாஸ்டிக்குக்கு மாறிக்கொண்டார். நான் பிளாஸ்டிக் டெக்னாலஜியில் டிப்ளமா முடித்துவிட்டு அதே கிடங்கில் வந்து உட்கார்ந்தேன். அறிமுகம் இவ்வளவு போதும்.

உங்களில் சிலர் இங்கே வந்து சுற்றிப் பார்த்திருக்கிறீர்கள், சாம்பிள் காட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது ஊடுருவித் தெரியும் ஜூஸ் கப், சாலட் டப்பா, இல்லையென்றால் மளிகைக் கடைப் பை. "அண்ணே, இது சோளத்திலிருந்து செய்தது, ஆறு மாதத்தில் மக்கிவிடும்" என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அதனால் நேரில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்தக் கப்பும் டப்பாவும் பையும் உபயோகம் முடிந்ததும் நேராக மண்ணுக்குப் போவதில்லை. முதலில் எங்கள் கோணிக்குத்தான் வருகின்றன. எங்கள் கோணியில் அவை செய்யும் வேலை நல்ல வேலை இல்லை.

கிடங்கில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கோணியைக் கொட்டியதும் தரையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார் தொட்டுப் பார்த்தே பாதியைப் பிரித்துவிடுவார்கள். மூடி என்றால் பிபி (பாலிப்ரொப்பிலீன்), ஷாம்பு பாட்டில் எச்டி (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்), பால் பை எல்டி (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்), தண்ணீர் பாட்டில் பெட் (ஒரு வகைப் பாலியெஸ்டர்). சந்தேகம் வந்தால் தரையில் தட்டிச் சத்தம் கேட்பார்கள், நகத்தால் கீறுவார்கள். அதற்கும் பிடிபடவில்லை என்றால் லைட்டர். மெழுகுவர்த்தி வாசனை அடித்தால் எச்டியோ எல்டியோ. கரும்புகை கக்கினால் பாலிஸ்டைரீன். மூக்கை எரித்தால் பிவிசி. அப்புறம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பிபி, எச்டி, எல்டி மூன்றும் மிதக்கும், மற்றவை அடியில் போகும். பாலிஸ்டைரீனைப் பிரிக்க வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கரைத்தால் அது மேலே வந்துவிடும். இவ்வளவுதான் எங்கள் லேப். இதை வைத்துத்தான் இந்த நகரத்தின் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கைத் திரும்பச் சந்தைக்கு அனுப்புகிறோம்.

இந்த லேபுக்குள் உங்கள் பிஎல்ஏ கப் (சோளம், கரும்புச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) வருகிறது என்று வையுங்கள். பார்த்தால் பெட் மாதிரியே இருக்கும். பெட்டின் அடர்த்தி 1.38 வாக்கில், பிஎல்ஏ 1.24. இரண்டும் தண்ணீரில் மூழ்கும். உப்பு எவ்வளவு கரைத்தாலும் தண்ணீரின் அடர்த்தி 1.2ஐத் தாண்டாது, ஆகவே உப்புத் தொட்டியிலும் இரண்டும் அடியில்தான் கிடக்கும். கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால் பிரியும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். சர்க்கரையில் பிறந்தது சர்க்கரையில்தான் மிதக்கும் போலிருக்கிறது. ஆனால் பாகு காய்ச்சித் தொட்டி நிரப்பும் அளவுக்கு எங்கள் தொழிலில் லாபம் கிடையாது.

பிரியாமல் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். பெட் சில்லுகளை உருக்கும் முன் 160 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் உலர்த்துவார்கள். அந்தச் சூட்டில் பிஎல்ஏ இளகி ஒட்டிக்கொண்டு, சில்லுகளைக் கட்டி கட்டியாகப் பிடித்துவிடும். தப்பித்து, உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்துக்குள் போனால், பெட் உருகும் 260 டிகிரிச் சூட்டைத் தாங்காமல் சிதைந்து மொத்தத்தையும் மஞ்சளாக்கும். இதனால் பெட் மூட்டையில் இந்தச் செடிப் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே வாங்குபவன் விலையைக் குறைக்கிறான். அந்தக் குறைவு கடைசியில் விழுவது ரயில்வே லைன் ஓரம் பாட்டில் பொறுக்கும் பெண்ணின் தலையில். வெளிநாட்டுப் பெரிய ஆலைகளில் அகச்சிவப்புக் கதிரை வைத்து பிஎல்ஏவைத் தனியாகப் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறது, தெரியும். தேரா கம்பவுண்டின் மாடிப்படியில் அந்த இயந்திரத்தை யார் ஏற்றுவது?

இன்றைக்கு வரும் அளவு குறைவு, சமாளித்துவிடுகிறோம். ஆனால் உத்தரப் பிரதேசத்தில் கும்பி என்ற இடத்தில் பல்ராம்பூர் சர்க்கரைக் கம்பெனி, ஆண்டுக்கு 75,000 டன்னுக்குக் குறையாமல் பிஎல்ஏ செய்யும் ஆலையை அறிவித்து வேலையைத் தொடங்கியிருக்கிறது. புனே பக்கத்தில் ஜெஜூரியில் 2024இல் பிராஜ் கம்பெனி மாதிரி ஆலை ஒன்றைத் திறந்திருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை ஊக்குவிக்கும் பயோஇ3 கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சரக்கு வரப்போகிறது. வருவதற்கு முன் எதைச் செய்வது என்று முடிவு பண்ணுகிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பைக்கு வருகிறேன். கடைகளில் "நான் பிளாஸ்டிக் அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த பச்சைப் பை கிடைக்கிறதே, அதில் பாதிக்கு மேல் பெரும்பாலும் பிபேட் என்னும் மக்கும் பிளாஸ்டிக். அதன் மூலப்பொருள் இன்றைக்கும் பெரும்பாலும் பெட்ரோலியம்தான். செடியின் பங்கு அதில் கலக்கும் மாவுச்சத்தும் கொஞ்சம் பிஎல்ஏவும். முறையான உரக் கிடங்கில் அந்தப் பை மக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பால் பையோடு சேர்ந்து எல்டி குவியலுக்குள் நுழைந்தால் தானா கெட்டுவிடும். மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், எக்ஸ்ட்ரூடர் சூட்டில் குமிழி விடும், அந்தத் தானாவில் ஊதிய பை ஓட்டை ஓட்டையாக வரும். தண்ணீரில் போட்டால் பிபேட் மூழ்க வேண்டும். ஆனால் மெல்லிய பைக்குள் காற்று பிடித்துக்கொள்ளும், அதுவும் சேர்ந்து மிதக்கும். அச்சில் இருக்கும் சான்றிதழ் எண்ணைப் பார்த்துப் பிரிக்கலாமே என்பீர்கள். எங்களிடம் வரும்போது பை கிழிந்து, கசங்கி, மீன் கழுவிய தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். எண்ணாவது, எழுத்தாவது.

சரி, எங்கள் கோணிக்கு வராமல் தப்பிய கப் எங்கே போகிறது? மும்பையின் குப்பை மேடுகளான தேவ்னாருக்கு, இல்லையென்றால் காஞ்சூர்மார்குக்கு. தேவ்னார் 1927லிருந்து குப்பை கொட்டும் மேடு. மக்கும் தன்மைக்கு நீங்கள் சான்றிதழ் வாங்கும் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 சோதனையில் 58 டிகிரிச் சூடு, நல்ல காற்றோட்டம், ஈரம், உயிரோட்டமுள்ள உரம், 180 நாள் அவகாசம் எல்லாம் உண்டு. அந்த நிலையில் உங்கள் கப்பின் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாகிறது. பிஎல்ஏவின் மூலக்கூறுச் சங்கிலி தளர்வதே 55, 60 டிகிரி வாக்கில்தான். அதற்குக் கீழே தண்ணீர் உள்ளே புகுந்து சங்கிலியை வெட்டுவது படு நிதானம். சங்கிலி வெட்டுப்படாமல் கிருமி எதைத் தின்னும்? மேட்டுக்குள் அமுங்கிக் காற்றில்லாமல் கிடக்கும் கப் வருஷக்கணக்கில் கப்பாகவே இருக்கும். மித்தி ஆற்றில் விழுந்து மாஹிம் கழிமுகத்துக்குப் போனாலும் அதே கதைதான், கடல்நீர் அவ்வளவு சுடாது. 2005 ஜூலை 26 மழையில் சாக்கடையெல்லாம் பையால் அடைத்து நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். அடைப்புக்கு அந்தப் பை சோளமா பெட்ரோலா என்று தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "இந்த ஆள் தன் பிழைப்புக்காகப் பழைய பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று உங்களுக்குத் தோன்றலாம். பிழைப்பு இருக்கிறதுதான், மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது செடியிலிருந்து பிளாஸ்டிக் வேண்டாம் என்பதல்ல. எங்கள் கோணியில் இடம் இல்லாத பொருள்களுக்கு அது உடனே வேண்டும். நாங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள், பழுதோ பழசோ, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் வாங்காத பொருள்தான் கடலுக்கும் மேட்டுக்கும் போகிறது. நீங்கள் கை வைக்க வேண்டியது அதில்.

அது என்னென்ன? காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கும் நம் ஆட்களிடமிருந்தே தொடங்கலாம். பார்சல் கேட்டால் சாம்பாரைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார்கள், சட்னிக்கு இன்னொரு குட்டிப் பை. காற்று மாதிரி எடை, உள்ளே எண்ணெய், புளிப்பு, நாற்றம். ஒரு கிலோ சேர்க்க எத்தனை பை பொறுக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பங்கார்காரனும் வாங்க மாட்டான், எந்தப் பொறுக்குபவரும் குனிய மாட்டார். அதே நேரம் அந்தப் பையோடு கூடவே இருப்பது சாப்பாட்டு மிச்சம், போக வேண்டிய இடம் ஈரக் குப்பை. மக்கும் பிளாஸ்டிக்குக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பையை அவிழ்த்துக் கழுவாமல் அப்படியே உரக் குழிக்குள் போட முடியும்.

ஆனால் இது சுலபமான வேலை இல்லை, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பிஎல்ஏ கப்பில் கொதிக்கிற சாம்பாரை ஊற்றினால் கப் குழைந்து உட்கார்ந்துவிடும், அந்த 55, 60 டிகிரிதான் காரணம். பிபிஎஸ் என்றொரு மக்கும் பிளாஸ்டிக் இருக்கிறது, 115 டிகிரி வரை உருகாது, அதற்கு வேண்டிய சக்சினிக் அமிலத்தைச் சர்க்கரையை நொதிக்கவைத்தே எடுக்கலாம். பிஎச்பி என்று இன்னொன்று இருக்கிறது. 1926இல் பாரிஸில் மோரீஸ் லெமுவான் ஒரு பாக்டீரியாவின் உடம்புக்குள் கண்டுபிடித்தது, சாதாரண மண்ணிலும் கடலிலும்கூடச் சிதைவது. தனியாக இருந்தால் மொடமொடவென்று உடையும், விலையும் அதிகம். இவற்றைக் கலந்து, மெல்லிய பையாக ஊதி, 90 டிகிரிச் சாம்பாரை அரை மணி நேரம் தாங்கவைத்து, இட்லிக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவருவது ஒரு முழு பிஎச்டிக்குக் காணும் வேலை. நூறாவது ஜூஸ் கப் செய்வதைவிட இது எனக்குப் பெரிய வேலையாகப் படுகிறது.

அப்புறம் பொடி, எண்ணெய், ஷாம்பு, பான் மசாலா என்று சின்னச் சின்னப் பொட்டலங்கள். பளபளவென்று இருக்கும் அந்த உறையில் பாலியெஸ்டர் ஒரு அடுக்கு, அலுமினியம் ஒரு அடுக்கு, எல்டி ஒரு அடுக்கு. பிரிக்கவே முடியாது, யாரும் வாங்குவதில்லை. இதற்குப் பதில் தேடும்போது பழைய செல்லோஃபேனை மறந்துவிடாதீர்கள். மரக்கூழிலிருந்து 1908இல் சுவிட்சர்லாந்துக்காரர் பிராண்டன்பெர்கர் செய்தது, நம் தாத்தா காலத்து மிட்டாய் சுற்றிய காகிதம். மேலே பூச்சு இல்லை என்றால் சாதாரண மண்ணிலேயே சில மாதத்தில் மக்கும், 58 டிகிரி வேண்டாம். அதன் தொல்லை இரண்டு. ஈரத்தைத் தடுக்காது. செய்யும்போது உபயோகிக்கும் கார்பன் டைசல்ஃபைடு தொழிலாளியின் நரம்பைக் கெடுக்கும். ஈரத்தைத் தடுக்கும் மக்கும் பூச்சு, டைசல்ஃபைடு இல்லாமல் மரக்கூழைக் கரைக்கும் வழி, இந்த இரண்டில் ஒன்றைச் செய்தாலே பெரிய புண்ணியம். மண்டபம், ராமேஸ்வரம் கடலோரத்துப் பெண்கள் வளர்க்கும் கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராகீனனும் நல்ல உறை ஆகும். எண்ணெயைத் தடுப்பதில் கெட்டி, தண்ணீர் பட்டால் கரையும். சட்னிக்கு ஆகாது, இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய்க்கும் ஆகலாம். செய்து பாருங்கள்.

டீக்கடைக் காகிதக் கப்பையும் சொல்ல வேண்டும். உள்ளே மெல்லிய எல்டி பூச்சு இருப்பதால் காகிதக் கூழ் ஆலைக்காரனும் தயங்குகிறான், நாங்களும் தொடுவதில்லை. தட்டு விஷயத்தில் நம் ஆட்கள் ஏற்கனவே முன்னால் நிற்கிறார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வாங்கிப் பந்தி போடும் கல்யாணத்துக்கு எந்த லேபும் தேவையில்லை. கரும்புச் சக்கைத் தட்டும் நல்லதுதான், எண்ணெய் ஊறாமல் இருக்க என்ன பூசுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். காகிதத்திலும் சக்கையிலும் பூசிவந்த ஃப்ளோரின் சேர்மங்களை அமெரிக்காவில் உணவுப் பொட்டலத்துக்கு விற்பது 2024 பிப்ரவரியோடு நின்றுவிட்டதாக அந்த நாட்டு உணவு மருந்துத் துறையே அறிவித்தது. மக்கும் தட்டிலிருந்து மக்காத விஷம் உரத்துக்குள் போனால் அந்த உரத்தை யார் தோட்டத்தில் போடுவார்கள்?

பாட்டிலும் பக்கெட்டும் செடியிலிருந்தே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறீர்கள் என்றால் அதற்கும் வழி உண்டு. பிரேசிலில் பிராஸ்கெம் கம்பெனி 2010லிருந்து கரும்புச் சாராயத்தை எத்திலீனாக்கி, அதிலிருந்து எச்டி, எல்டி செய்கிறது. மூலக்கூறு அதே மூலக்கூறு. எங்கள் தொட்டியில் மிதக்கும், எங்கள் எக்ஸ்ட்ரூடரில் ஓடும், எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவே தேவையில்லை. மக்காது, ஆனால் சுற்றும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். 100 கிலோ குளுக்கோஸிலிருந்து கணக்குப்படி அதிகபட்சம் 80 கிலோ பிஎல்ஏ வரும். அதே 100 கிலோவைச் சாராயமாக்கி எத்திலீனாக்கினால் 31 கிலோதான் கிடைக்கும். பாதி எடை நொதிக்கும்போதே கரியமில வாயுவாகப் போய்விடுகிறது, மிச்சத்தில் ஒரு பங்கு தண்ணீர். கரும்பை இப்படி வீணடிக்கலாமா என்று கேட்டால் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. பல தடவை சுற்றும் 31 கிலோவா, ஒரே தடவையில் மேட்டுக்குப் போகும் 80 கிலோவா என்று வைத்துப் பார்த்தால் என் ஓட்டு 31க்கு. உங்கள் ஓட்டு வேறாக இருக்கலாம்.

கரும்பு என்றதும் இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் கரும்பு என்றால் தண்ணீர். 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் கொண்டுபோனார்கள், அந்தப் பக்கத்து வயல்களிலும் கரும்பு நின்றது. "செடியிலிருந்து செய்தது" என்று பையில் அச்சடிக்கும்போது அந்தச் செடி எத்தனை பேர் குடத்திலிருந்து குடித்தது என்பதும் கணக்கில் வர வேண்டும். சாற்றை விட்டுச் சக்கை, வைக்கோல், சோளத்தட்டைப் பக்கம் போங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கும் உங்கள் மாட்டுங்காவிலேயே ஆள் இருக்கிறது. வைக்கோலைச் சாராயமாக்கும் தொழில்நுட்பத்தை ஐசிடியில் உருவாக்கி, 2016இல் உத்தராகண்டில் காசிப்பூரில் ஒரு நாளைக்கு 10 டன் கையாளும் மாதிரி ஆலையில் ஓட்டிக் காட்டினார்கள். பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 2022இல் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் என்ற திட்டத்தில் கட்டியது.

அதற்காகச் சக்கை சும்மா கிடக்கும் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை ஆலை அதைத்தான் பாய்லரில் எரிக்கிறது, மிச்சத்தில் கரண்ட் எடுத்து விற்கிறது. நீங்கள் சக்கையை எடுத்தால் ஆலைக்காரன் நிலக்கரி கேட்பான். இதை நம் கரூர்ப் பக்கத்துப் புகளூர் காகித ஆலை எப்போதோ கண்டுகொண்டது. 1984லிருந்து சக்கையில் காகிதம் செய்கிறார்கள். சர்க்கரை ஆலைக்கு வேண்டிய எரிபொருளையோ நீராவியையோ கொடுத்து, பதிலுக்குச் சக்கையை வாங்கிக்கொள்வது அவர்கள் வழி. உங்கள் திட்ட அறிக்கையில் சக்கைக்கு விலை பூஜ்யம் என்று போட்டிருந்தால், புகளூருக்கு ஒரு தடவை போய்வந்த பிறகு அந்த இடத்தைத் திருத்துங்கள்.

சக்கையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் செல்லுலோஸ். கால் பங்கு வாக்கில் ஹெமிசெல்லுலோஸ், ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் லிக்னின். செல்லுலோஸை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எரித்தால் தொழில் நிற்காது என்பது என் அபிப்ராயம். பழைய பாட்டிலை வாங்கினால் மூடி, லேபிள், வளையம் எல்லாவற்றுக்கும் ஆள் தேடி விற்றால்தான் எங்களுக்கே கட்டுப்படியாகிறது. ஹெமிசெல்லுலோஸிலிருந்து சைலிட்டால் என்னும் இனிப்பு வரும், ஃபர்ஃபுரால் என்னும் வேதிப்பொருள் வரும். அந்த ஃபர்ஃபுராலிலிருந்து வரும் ஃபியூரான் ரெசினைத்தான் வார்ப்படச் சாலைகளில் மணலைக் கெட்டிப்படுத்த ஊற்றுகிறார்கள். லிக்னினிலிருந்து ப்ளைவுட் பசைக்கு ஃபீனாலுக்குப் பதிலாக ஒரு பங்கு போடலாம், நார்வேயில் அதிலிருந்து வெனிலின்கூட எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் விலை விழும் வருஷத்தில் உங்கள் ஆலையைக் காப்பாற்றப்போவது இவைதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். மக்கும் பொருள் எதுவாக இருந்தாலும் அச்சில் அடையாளம் வைக்காதீர்கள், பொருளுக்குள்ளேயே வையுங்கள். எல்லோரும் பேசி ஒரே நிறம், கிழிந்த துண்டிலும் தெரியும் நிறம். பச்சை வேண்டாம், பச்சை எச்டி எங்களிடம் ஏற்கனவே மலையாக இருக்கிறது. ஊடுருவித் தெரியும் தெளிவு வேண்டவே வேண்டாம், அது பெட்டின் இடம். எந்த நிறம் என்று நீங்கள் முடிவு செய்தால் தரை அக்காமாருக்குக் கற்றுக்கொள்ள ஒரு காலைப் பொழுது போதும். லைட்டர்கூட வேண்டியிருக்காது.

பணமும் பேச வேண்டும். பெட் பாட்டிலுக்குக் கிலோவுக்கு விலை உண்டு, அதனால் ஆள் குனிந்து எடுக்கிறார். மக்கும் பைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளில் மக்கும் பிளாஸ்டிக்கை நான்காவது வகையாகச் சேர்த்திருக்கிறார்கள், ஆக உங்கள் பையை விற்கும் கம்பெனிக்கு அதைத் திரும்பச் சேகரித்து உரக் கிடங்கில் சேர்க்கும் கடமை இருக்கிறது. அந்தக் கடமைக்கு ஒதுக்கும் காசு சான்றிதழ்த் தாளாகவே சுற்றிக்கொண்டிருக்காமல், பொறுக்கும் கைக்குக் கிலோ கணக்கில் வரும்படி உங்கள் கம்பெனித் திட்டத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். நாங்கள் தனிக் கோணி போட்டுச் சேர்த்துக் கொடுக்கிறோம். தாராவி மறுசீரமைப்பில் எங்கள் கிடங்குகளுக்கு எங்கே இடம் என்பது இன்னும் முடியாத பேச்சு. எங்கே போனாலும் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் நாங்கள்தான்.

வருவதாக இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், அப்போது தொட்டியில் புதுத் தண்ணீர் இருக்கும். சாம்பிளைக் கழுவித் துடைத்து ஜிப் கவரில் கொண்டுவராதீர்கள். சாம்பார் ஊற்றி, கட்டி, ஒரு ராத்திரி வீட்டுக் குப்பைக் கூடையில் போட்டுவைத்து, மறுநாள் அப்படியே கொண்டுவாருங்கள். எதில் செய்தது, என்ன பூச்சு, என்ன சாயம் என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் மட்டும் கொடுங்கள். அக்காமாரிடம் சொல்ல வேண்டாம். கோணியில் மற்றதோடு கலந்து கொட்டுவோம். அவர்கள் எந்தக் குவியலில் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
தேரா கம்பவுண்டிலிருந்து ஒரு பங்கார்காரன்